ஆதிக்கத் தம்பதி

சகலை என்ற உறவை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்காது. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்களை ஆயுள் முழுக்க ஒரே தராசில் உட்காரவைக்கும் ஏற்பாடு அது. அந்தத் தராசில் பெரிய மாப்பிள்ளையின் தட்டு எப்போதும் மேலேயே நின்றது. மேலே நிற்கும் தட்டில் கனமில்லை என்பதை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

பெரிய மாப்பிள்ளை எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எந்தச் சோப்பைப் போட்டாலும் அவர் விரல்களிலிருந்து வார்னிஷ் வாசனை போகாது. சின்ன மாப்பிள்ளை கார் ஷோரூமில் விற்பனையாளர். டை கட்டுவார். யாரும் வாங்காத நிறத்துக் காரை, "இந்தக் கலர் எல்லாருக்கும் அமையாது சார்" என்று சொல்லியே தள்ளிவிடுவார். மாமியார் வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். ஓடுகிற ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேசச் சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் தராசு சமமாக நின்றது. இரண்டு பேருக்குமே குழந்தை இல்லை. வெளியே சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அதில் பெரிய மாப்பிள்ளைக்கு ஓர் ஓரத்தில் ஆறுதல் இருந்தது. அதனால் அவர் மனைவி, "நான் வைத்தியத்துக்குச் சுரப்பி உயர்நிலையத்துல சேரப் போறேன், தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் கூட வர்றாங்களாம்" என்று சொன்னபோது அவருக்குச் சோறு தொண்டையில் நின்றது.

"அவங்க எதுக்கு?"

"அவங்களுக்கும் குழந்தை வேணும்ல? ஒண்ணாப் போனா பேச்சுத் துணைக்காச்சு. அதுக்கு ஏன் உங்க மூஞ்சி இப்படிப் போகுது?"

"மூஞ்சி எங்கயும் போகல. இங்கதான் இருக்கு."

அவள் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள். மற்ற ஆஸ்பத்திரிகளில் போட்ட ஊசியில் வயிற்றுத் தோல் அங்கங்கே கட்டி தட்டிப்போயிருந்தது. தட்டை நகர்த்திவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னாள். "இதுதான் கடைசி. இதுல வந்தா வரட்டும். வரலைன்னா இனிமே ஊசி கிடையாது, டாக்டர் கிடையாது. என் உடம்பு தாங்காது. அதனால இந்த ஒரு தடவை, தயவுசெய்து, யாரைப் பார்த்தும் வயிறு எரியாம என்கூட வாங்க."

அவர் சரி என்றார். அதை எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் இந்தக் கதை.

சுரப்பி உயர்நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மனித உடம்பில், மூளையின் அடிப்பகுதியில், ஹைபோதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அது தனக்குக் கீழே இருக்கிற பட்டாணி அளவு பிட்யூட்டரிக்கு விட்டு விட்டு ஒரு சமிக்ஞை அனுப்பும். பிட்யூட்டரி உடனே இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் இறக்கும். ஒன்று சினைப்பையில் முட்டையை வளர்க்கும். இன்னொன்று வளர்ந்த முட்டையைப் பழுக்கவைத்து வெளியே அனுப்பும். ஆண்களுக்கும் இதே இரண்டுதான், வேலைதான் வேறு. இதில் குறை வந்தால் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடலாம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தால் போதும்.

ஆனால் உயர்நிலையத்தை நிறுவிய பெரியவர்கள் அதோடு விடவில்லை. உடம்பே இப்படித்தான் நிர்வாகம் செய்கிறது என்றால் ஆஸ்பத்திரி மட்டும் வேறு மாதிரி நடக்கலாமா என்று யோசித்தார்கள். ஐந்தாவது மாடியில் தலைமை இயக்குநர் உட்கார்ந்தார். அவருக்கு ஹைபோதலாமஸ் ஐயா என்று பெயர். அவரை நோயாளிகள் யாரும் பார்த்ததில்லை. உடம்புக்குள் ஹைபோதலாமஸை யார் பார்த்திருக்கிறார்கள்? நான்காவது மாடியில் துணை இயக்குநர், பிட்யூட்டரி மேடம். அவருக்குக் கீழே முட்டையை வளர்க்க வளர்ப்பு அதிகாரி ஒருவர், வெளியே விட விடுப்பு அதிகாரி ஒருவர். நர்சுகளின் சட்டையில் 'கீழ்ச்சுரப்பி' என்று எழுதி அட்டை குத்தியிருந்தது. அவர்கள் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஹைபோதலாமஸ் துடிப்பு துடிப்பாகத்தான் வேலை செய்யும் என்பதால், ஐயாவும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மணியடிப்பார். மணியடித்தால் கட்டிடம் முழுக்க ஓடும். ஊசி போடுவார்கள், இரத்தம் எடுப்பார்கள், கதவைத் திறப்பார்கள். மணியின் சத்தம் அடங்கியதும் எல்லாரும் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் நாளே பெரிய மாப்பிள்ளையின் மனைவிக்கு ஊசி குத்திய நர்ஸ், மருந்தை அழுத்துவதற்குள் மணி அடங்கிவிட்டதால் ஊசியை அப்படியே வெளியே எடுத்தாள்.

"சிஸ்டர், குத்திட்டீங்களே! மருந்தை மட்டும் தள்ளிடக் கூடாதா?" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"குத்தினது இந்த மணிக்கு சார். மருந்து போறது அடுத்த மணிக்கு."

"அடுத்த மணிக்கு மறுபடியும் குத்துவீங்களா?"

"குத்தாம எப்படி சார் மருந்து உள்ள போகும்?" என்று அந்தப் பெண் நியாயமாகவே கேட்டாள்.

வாசலில் 'பின்னூட்டப் பெட்டி' ஒன்று தொங்கியது. கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று பெரிய மாப்பிள்ளை ஒரு சீட்டில் எழுதிப் போட்டார். அடுத்த முறை வந்தபோது கழிவறையைப் பூட்டியிருந்தார்கள். பூட்டியது ஏன் என்று இன்னொரு சீட்டு எழுதினார். அதற்கடுத்த முறை குடிதண்ணீர்க் குழாயையும் காணோம். நேராக நான்காவது மாடிக்கே போய்க் கேட்டார். பிட்யூட்டரி மேடம் பொறுமைசாலி. அவரை உட்காரச் சொல்லாமல் விளக்கம் சொன்னார்.

"பாருங்க, உடம்புல கீழேயிருந்து ஹார்மோன் அதிகமா மேல வந்தா, மேல இருக்கிற சுரப்பி என்ன செய்யும்? சுரக்கிறதைக் குறைச்சுக்கும். அதுக்குப் பேரு எதிர்மறைப் பின்னூட்டம். இயற்கையோட சட்டம் அது. நீங்க புகார் குடுத்தா நாங்க செய்யறது குறையும். நிறையக் குடுத்தா நின்னே போயிடும். இது எங்களுக்கு உங்க மேல இருக்கிற கோபம் இல்ல சார். அறிவியல்."

"அப்ப புகாரே குடுக்கலைன்னா?"

"எல்லாம் நல்லா நடக்குதுன்னு நினைச்சுக்குவோம்."

பெரிய மாப்பிள்ளை மாடிப்படி இறங்கும்போது எதிரே சின்ன மாப்பிள்ளை ஏறிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. "சும்மா மேடத்தைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிட்டு வரலாம்னு சகலை. நாலு நல்ல வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவோம்?" என்று கண்ணடித்துவிட்டுப் போனார். கேக்கின் வாசனை படிக்கட்டு முழுக்க நின்றது. பெரிய மாப்பிள்ளையின் வயிறு அன்றுதான் முதலில் புகைய ஆரம்பித்தது.

அது பற்றி எரிந்தது தேர்வு நாளில். ஒரு பெண்ணின் சினைப்பையில் ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் வளரத் தொடங்கினாலும், ஒன்று மட்டும் முந்திக்கொள்ளும். மற்றவை சுருங்கிவிடும். முந்தியதற்கு ஆதிக்க முட்டை என்று பெயர். உயர்நிலையம் அதையும் விடவில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒரு தம்பதியை 'ஆதிக்கத் தம்பதி' என்று தேர்ந்தெடுத்தது. அந்தக் குழுவில் பன்னிரண்டு தம்பதிகள் இருந்தார்கள். எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்துப் பிட்யூட்டரி மேடம் பேசினார்.

"நாங்க யாரையும் ஒதுக்கறதில்ல. ஒருத்தரை மட்டும் எடுத்துக்கறோம். மத்தவங்க தானா ஒதுங்கிடுவாங்க. இதுல யாரும் வருத்தப்படக் கூடாது. உங்க உடம்புக்குள்ள சுருங்கிப்போற முட்டை என்னிக்காவது வருத்தப்பட்டிருக்கா?"

ஆதிக்கத் தம்பதியாகத் தங்கையும் சின்ன மாப்பிள்ளையும் அறிவிக்கப்பட்டார்கள். தங்க நிறத்தில், ஒரு தட்டுக்குக் குறையாத வில்லை ஒன்றைச் சின்ன மாப்பிள்ளையின் டைக்கு மேல் குத்தினார்கள். அவர் அதை இலேசாகத் துடைத்துக்கொண்டார். காரைத் துடைத்துப் பழகிய கை.

அதற்குப் பிறகு மற்ற பதினொரு தம்பதிகளும் முறைப்படி சுருக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் வில்லை உண்டு. ஒவ்வொரு முறை வரும்போதும் அதை வாங்கிக்கொண்டு அதைவிடச் சின்னதாக ஒன்று கொடுப்பார்கள். அதில் 'சுருங்குகிறது' என்று எழுதியிருக்கும். கடைசியில் எழுத்தே தெரியவில்லை, சட்டைப் பொத்தானோடு கலந்துவிட்டது. உட்காரும் இடமும் அப்படித்தான். முதலில் நாற்காலி, பிறகு முக்காலி, பிறகு படிக்கட்டு. ஊசியை மட்டும் நிறுத்தவில்லை. பணம் வாங்கிவிட்டார்கள் அல்லவா? படிக்கட்டிலேயே, இரண்டு மாடிகளுக்கு நடுவே, ஒரு பழைய ஃப்ரிட்ஜும் ஒரு வயதான நர்சும் என்று அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கடைசியாகச் சம்பள உயர்வு எப்போது வந்தது என்று அந்த நர்சுக்கே நினைவில்லை. அவளையும் சுருக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

மேலே தங்கைக்குத் தனி அறை. ஏசி. ஸ்கேனில் முட்டை வளர்ந்திருந்தால் நான்கு பேர் நின்று கைதட்டுவார்கள். சின்ன மாப்பிள்ளை இதையெல்லாம் ஒன்றுவிடாமல் போனில் சொல்வார்.

"சகலை, இன்னிக்குக் கைதட்டினாங்க பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. உங்களுக்குத் தட்டினாங்களா?"

"படிக்கட்டுல யாரு சகலை தட்டுவா?"

"அப்படியா? சரி, நான் மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்."

'ஒரு வார்த்தை சொல்றேன்' என்பதைப் பெரிய மாப்பிள்ளையால் தாங்கவே முடியவில்லை. எண்ணெய் இல்லாமலே எரிந்தார். கடையில் காயில் கட்டும்போது சுற்றுக் கணக்குத் தவறியது. மைத்துனி ஊசிக்குப் பயந்து அழுதாள் என்று கேள்விப்பட்டால் ஒரு சின்னச் சந்தோஷம், அப்புறம் சரியாகிவிட்டாள் என்று கேட்டால் ஒரு பெரிய ஏமாற்றம். அந்த வில்லையைக் கனவில் பார்த்தார். கனவில் அது அவர் சட்டையில்கூட இல்லை. கனவிலும் சகலை சட்டையில்தான் இருந்தது. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பார்களே, அப்படி ஒரு மூக்கு தனக்கு இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மனைவி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "நம்ம முட்டை நல்லா வளர்ந்திருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. அது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. அவங்களுக்கு எவ்வளவாம்?"

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசி ஊசி போடும் நாள் வந்தது. விடுப்பு ஹார்மோனின் ஊசி அது. வளர்ந்த முட்டைகளை அதுதான் பழுக்கவைக்கும், அதற்கப்புறம்தான் அவற்றை எடுக்க முடியும். அன்று மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் போட்டாக வேண்டும். தவறினால் அத்தனை நாள் வளர்த்ததும் வீண். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நாள். அதே நாளில்தான் உயர்நிலையத்துக்குத் தரம் பார்க்கும் குழுவும் வந்து இறங்கியது.

ஐந்தாவது மாடியில் ஹைபோதலாமஸ் ஐயாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மணியடித்தால் வந்தவர்கள் நடுவில் சும்மா இருக்கும் நேரத்தைப் பார்த்துவிடுவார்களே என்று, காலையிலேயே மணியின் பொத்தானில் கட்டைவிரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் எல்லாம் பறந்தது. ஒரே ஆளுக்கு மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள். பார்வையாளராக வந்த ஒரு மனிதரை ஸ்கேன் மேசையில் படுக்கவைத்தார்கள். தரம் பார்க்கும் குழு குறிப்பெடுத்துக்கொண்டது.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் எல்லாம் நின்றுபோனது. மணி மட்டும் நிற்கவில்லை. பிட்யூட்டரி மேடம் நாற்காலியில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து வந்த உத்தரவு எதுவும் அவர் மேல் பதியவில்லை. அவர் சொல்லாமல் கீழே யாரும் அசையவில்லை.

படிக்கட்டில் மட்டும் வேலை நடந்தது. கடிகாரத்தில் ஏழு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வயதான நர்ஸ் பழைய ஃப்ரிட்ஜைத் திறந்து, அக்காவைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லி, ஊசியைப் போட்டுவிட்டாள்.

"உத்தரவு வேண்டாமா சிஸ்டர்?" என்று கேட்டார் பெரிய மாப்பிள்ளை.

"சுருங்கின கேசுக்கு எதுக்கு சார் உத்தரவு? உங்களையெல்லாம் மேலிடத்துல மறந்தே போயிட்டாங்க. நான் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன்." அவள் பஞ்சைத் தேய்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், அந்த ஆதிக்கக் கேசுதான். மேடம் மத்தியானத்துலேர்ந்து சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. உத்தரவு இல்லாம அவங்களைத் தொட யாருக்கும் தைரியம் கிடையாது. எட்டைத் தாண்டினா அந்தப் பொண்ணுக்கு எல்லாம் போச்சு."

பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அப்படித்தான் இருந்தது. எத்தனை நாள் புகைச்சல், ஒரே மூச்சில் அணைந்தது. தங்க வில்லை, ஏசி, கைதட்டல், கேக் எல்லாம் போய், தராசு அவர் பக்கம் மெல்ல இறங்கியது.

மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டே, "குட்டிம்மாவுக்குப் போட்டாச்சாமா?" என்றாள். தங்கையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"போட்டிருப்பாங்க. நமக்கே போட்டாச்சு, அவங்களுக்குப் போடாமலா?"

"அவ ஊசின்னா நடுங்குவா. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்."

வேறு வழியில்லாமல் ஏறினார். அறையில் பூங்கொத்துகளுக்கு நடுவே தங்கை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விடுப்பு அதிகாரி மருந்து நிரப்பிய ஊசியைக் கையில் பிடித்தபடி கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மதியத்திலிருந்தே அப்படித்தான் நிற்கிறாராம். சின்ன மாப்பிள்ளை சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"வாங்க சகலை, இந்த ஏசில கொஞ்சம் நின்னு காத்து வாங்கிட்டுப் போங்க. மேல பேச்சு நடக்குது. இதோ உத்தரவு வந்துடும்."

பெரிய மாப்பிள்ளை, நன்றாகக் காத்து வாங்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பினார்.

"அத்தான்," என்றாள் தங்கை. "அக்காவுக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

"அப்பாடா!" அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "மத்தியானத்துலேர்ந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு இன்னொரு தடவை பார்த்துக்கலாம். அக்காவுக்கு இதுதானே கடைசி? அவளுக்கு நல்லபடியா முடிஞ்சா போதும் அத்தான்."

அவர் அவளையே பார்த்தார். அவள் நடிக்கவில்லை. பொறாமை என்பது அந்தப் பெண்ணிடம் மருந்துக்கும் இல்லை. அவர் வெளியே வந்து நான்கு படி இறங்கினார். இறங்க இறங்கப் பழைய புகைச்சல் அடிவயிற்றிலிருந்து மறுபடி கிளம்பியது. டை, கார், வில்லை, ஏசி எல்லாவற்றிலும் முந்தினார்கள், சரி. இப்போது நல்ல மனசிலும் இவர்களே முந்துவார்களா? அவளுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லாமல் போய்விட்டதா? அதை மட்டும் அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. உலகத்தில் எத்தனையோ நல்ல காரியங்கள் அன்பினால் நடந்திருக்கின்றன. இது பொறாமையினால் நடந்தது. அவர் திரும்பி ஓடினார்.

"சகலை, எழுந்திருங்க. உத்தரவு வராது. மேடம் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க."

சின்ன மாப்பிள்ளை நம்பவில்லை. இரண்டு பேரும் நான்காவது மாடிக்கு ஓடினார்கள். மணிச் சத்தத்தில் கத்திப் பேசவேண்டியிருந்தது.

"மேடம்! ஒரே ஒரு கையசைச்சாப் போதும் மேடம்!" என்றார் சின்ன மாப்பிள்ளை.

மேடம் மெதுவாகத் திரும்பினார். "மேலேயிருந்து விட்டு விட்டு உத்தரவு வந்தா பிட்யூட்டரி கேக்கும். விடாம வந்துக்கிட்டே இருந்தா மரத்துப்போயிடும். பாடப் புத்தகத்துலயே இருக்கு. உடம்புல அதுக்குச் சில நாள் ஆகும். எனக்கு அனுபவம் இருக்கறதால மத்தியானமே ஆயிடுச்சு."

"ஆனா உங்களுக்கு மணி கேக்குதே மேடம்!"

"கேக்குது. ஆனா கேக்கக் கூடாது. நான் புத்தகப்படி நடக்கறவ."

"மணியை நிறுத்தச் சொல்லுங்களேன்."

"நான் மேல பேசினா அது பின்னூட்டம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு மேடம் மறுபடி சுவருக்குத் திரும்பிக்கொண்டார்.

அறைக்கு ஓடிவந்து விடுப்பு அதிகாரியின் கையைப் பிடித்தார் சின்ன மாப்பிள்ளை. "சார், ஊசி உங்க கையிலதானே இருக்கு!"

"ஊசி என் கையிலதான் இருக்கு. கையும் என் உடம்புலதான் இருக்கு" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "உத்தரவுதான் சார் எங்கயோ இருக்கு. இருபது வருஷ சர்வீஸ்ல நானா ஒரு தடவைகூடச் சுரந்தது கிடையாது." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது எப்படிப்பட்ட பூசாரிகளைப் பார்த்துச் சொன்னதோ, இவரைப் பார்த்தால் அவர்களே எழுந்து நிற்பார்கள்.

மணி ஏழரை தாண்டிவிட்டது. "இவர் வேண்டாம். கீழ வாங்க" என்றார் பெரிய மாப்பிள்ளை. "படிக்கட்டுல போட்டுடுவாங்க. ஆனா நீங்க சுருங்கினாத்தான் போடுவாங்க. அந்த வில்லையைக் கழட்டிட்டு வாங்க."

சின்ன மாப்பிள்ளையின் கை தானாக வில்லையை மூடிக்கொண்டது. "ஒரு தடவை கழட்டிட்டா திரும்பக் குடுக்க மாட்டாங்க சகலை. ஷோரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கலாமே..."

தங்கை கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். வில்லையைப் பிடித்து இழுத்தாள். டையில் ஒரு துண்டும் கூடவே கிழிந்து வந்தது. இரண்டையும் பூங்கொத்தின் மேல் போட்டுவிட்டு அத்தானோடு படியிறங்கினாள். கிழிந்த டையோடு அவள் கணவர் பின்னால் ஓடிவந்தார்.

வயதான நர்ஸ் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்க ஆதிக்கமாச்சே?"

"சுருங்கிட்டாங்க" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"எப்போ?"

"இப்பதான், மேல." தன் சட்டையிலிருந்த எழுத்துத் தெரியாத வில்லையைக் கழற்றிச் சகலையின் சட்டையில் குத்தினார். கார் ஷோரூம்காரர் குனிந்து அதைத் தேடிப் பார்த்தார். நர்சும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அக்கா எதுவும் கேட்காமல் தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆனால் பெரிய மாப்பிள்ளையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். 'போட்டிருப்பாங்க' என்று அவர் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. எட்டு அடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

தரம் பார்க்கும் குழு உயர்நிலையத்துக்கு முதல் மதிப்பெண் கொடுத்தது. உத்தரவுகள் இடைவிடாமல் ஒலித்ததாகத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

முட்டைகளை எடுத்தார்கள், கருவாக்கி உள்ளே வைத்தார்கள், இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். முடிவு தெரியும் நாளில் படிக்கட்டு நர்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வரலம்மா" என்றாள். அந்தக் கட்டிடத்தில் சுற்றி வளைக்காமல் யாராவது பேசியது அது ஒன்றுதான். தங்கைக்கு வந்திருந்தது.

அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தராசு சமமாக நின்றிருக்கும் என்று பெரிய மாப்பிள்ளை நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுவிட்டு மறுபடியும் நினைத்தார். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், வந்தாள், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கொஞ்ச நாளில் உயர்நிலையம் பாராட்டு விழா வைத்தது. தங்க வில்லையை மெருகேற்றித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சுருங்கிய பதினொரு தம்பதிகளையும் முதல் வரிசையில் உட்காரவைத்து, எப்போது கைதட்டவேண்டும் என்று சொல்ல ஒரு கீழ்ச்சுரப்பியையும் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். குட்டிம்மா கூப்பிட்டாள் என்பதற்காக அக்கா வந்திருந்தாள்.

ஹைபோதலாமஸ் ஐயா முதல் தடவையாக வெளியே வந்தார். குள்ளமான, சாதுவான மனிதர். கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது.

"இங்கே கருவுற்றிருப்பது ஒரு பெண் என்று சிலர் நினைக்கலாம்" என்று ஆரம்பித்தார். "இல்லை. கருவுற்றிருப்பது ஒரு நிர்வாகம். மேலே ஒருவர் அழுத்தினார், கீழே அது நடந்தது. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் அல்ல. இதில் அந்தத் தம்பதிக்கும் ஏதோ பங்கு இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டாலும் உத்தரவு இருந்திருக்கும்."

கீழ்ச்சுரப்பி கையைக் காட்டியது. எல்லாரும் தட்டினார்கள். சின்ன மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து மேலிடத்துக்கு நன்றி சொன்னார். படிக்கட்டு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஐயாவைப் பார்த்துவிட்டு, படிப்படியாக முன்னேறியதாகச் சொல்லி முடித்துக்கொண்டார். தங்கை மேடையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அக்கா இருந்த பக்கம் அவளால் பார்க்க முடியவில்லை.

பெரிய மாப்பிள்ளை தன் வயிறு எரியக் காத்திருந்தார். பக்கத்தில் மனைவி தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னங்க."

"ம்."

"எனக்குப் பொறாமையா இருக்கு. கூடப் பொறந்தவ. இடுப்புல தூக்கி வளர்த்தவ. அவ வயித்தைப் பார்க்கவே என்னால முடியல. காலையில அவ போன் அடிச்சப்ப வேணும்னே எடுக்கல. உங்களை எவ்வளவு திட்டியிருப்பேன்? இப்ப நானே... எனக்கு என்னைப் பார்த்தாலே பயமா இருக்குங்க."

அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவருக்கு மறந்துபோனார்கள்.

"பயப்படாத" என்றார். "ஒண்ணும் பண்ணாது. கொஞ்ச நாள் சோறு இறங்காது. ராத்திரி தூக்கம் வராது. அவங்களுக்கு ஏதாவது ஆகணும்னு தோணும், அப்புறம் தோணினதுக்கு அழுகை வரும். எல்லாம் வந்துட்டுப் போகும். நாளைக்கு அவ போன் பண்ணினா எடுத்துப் பேசு. பேசி முடிச்சுட்டு என்கிட்ட வந்து அவளைத் திட்டு. எவ்வளவு வேணா திட்டு. இந்த விஷயத்துல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை, அவரும் விடவில்லை.

கீழ்ச்சுரப்பி ஓடிவந்து குனிந்து, "ஏன் சார் நிறுத்திட்டீங்க? மேலேயிருந்து பார்த்துக்கிட்டிருக்காங்க, தட்டுங்க" என்றது. ஆளுக்கு ஒரு கைதான் ஒழிவாக இருந்தது. அந்த இரண்டையும் சேர்த்துத் தட்டினார்கள்.